ஊர்ப் பொதுக் காணியைக் காக்கப் பிரதேச சபையின் பணம்: திருகோணமலைச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளத்து அலைகரை (கட்டு இல்லாத பக்கத்தில் தண்ணீர் ஏறி இறங்கும் கரை), கடற்கரையோரப் பொது நிலம், மேய்ச்சல் தரை, மயானம், விளையாட்டிடம் என்று ஊருக்குப் பொதுவான காணிகளுக்கு எல்லை போடவும் மரம் நடவும் பராமரிக்கவும் உள்ளூராட்சி சபையிடம் நிதி கேட்கலாம். பல சங்கங்கள் கேட்கின்றன. பெரும்பாலும் நவம்பர் மாதத்தில், நூறு கையெழுத்து வைத்த மகஜர் ஒன்றைத் தவிசாளரின் கையில் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு கேட்கின்றன. இரண்டு மாதம் கழித்து "நிதி இல்லை" என்று பதில் வரும்.

நிதி இல்லை என்பது பாதி உண்மைதான். மீதிக் காரணங்கள் கடிதத்தில் எழுதப்படுவதில்லை: காணி சபையின் பொறுப்பில் இல்லை, மதிப்பீடு இல்லை, வரவு செலவுத்திட்டம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. இந்த மூன்றையும் சபைக்குப் போக முன்னரே தீர்த்துக்கொள்ளும் ஒழுங்கைத்தான் கீழே தருகிறோம். உதாரணத்துக்கு 600 மீற்றர் நீளமான சிறுகுளத்து அலைகரை ஒன்றை எடுத்திருக்கிறோம். மற்றக் காணிகளுக்கும் படிகள் இவையே, அளவுகள்தான் மாறும்.

1. ஆண்டுக் கணக்கை முதலில் பாருங்கள்

சபையின் நிதியாண்டு ஜனவரி 1 தொடக்கம் டிசெம்பர் 31 வரை. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத்திட்டம் இந்த ஆண்டின் கடைசி மாதங்களில் நிறைவேறும். அதற்கான முன்மொழிவுகள் ஓகஸ்ட், செப்ரெம்பரிலேயே சபைக் கந்தோரின் கோவைக்குள் இருக்க வேண்டும்.

திருகோணமலையில் பெருமழை ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று அடித்துக் காயும். தூண் நடுவதும் மண் வேலையும் காய்ந்த காலத்து வேலை, மரம் நடுவது ஒக்ரோபர், நவம்பர் வேலை. அப்படியானால் நட்ட கன்றுக்குத் தண்ணீர் தேவைப்படும் மாதங்கள் அடுத்த நிதியாண்டில் விழுகின்றன. ஓர் ஆண்டுக்கு மட்டும் பணம் கேட்டவர்களின் கன்றுகள் அடுத்த ஜூலையில் கருகுவது இதனால்தான். தொடக்கத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குக் கேளுங்கள்.

உத்தேச ஒழுங்கு இது. டிசெம்பர், ஜனவரியில் நீர்மட்டம் குறித்தல். பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் வரை காணியின் உரித்தைத் தேடுதல். மே, ஜூனில் எல்லையும் எழுத்துச் சம்மதமும். ஜூலையில் மதிப்பீடு. ஓகஸ்டில் முன்மொழிவு. அதன் பிறகு குழுவும் சபை அமர்வும். பணம் வருவது அதற்கடுத்த ஆண்டில்.

2. தொடங்க முன் சங்கத்திடம் இருக்க வேண்டியவை

பதிவு செய்யப்பட்ட அமைப்பு வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு எதுவானாலும் பதிவு நடைமுறையில் இருக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்காத சங்கம் கடிதம் எழுதலாம், வேலையைப் பொறுப்பெடுக்க முடியாது.

சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். பொதுக்கூட்டத்தில் இந்தக் காணி பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றிக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். ஊரின் தீர்மானம் இல்லாமல் தலைவரும் செயலாளரும் மட்டும் கையொப்பமிட்ட கடிதத்தை, ஊரில் ஒருவர் எதிர்த்து எழுதினாலே கோவை படுத்துவிடும்.

அந்தக் காணியைப் பயன்படுத்துவோர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். மாடு வைத்திருப்போர், மீன் பிடிப்போர், வயல்காரர், செங்கல் மண் எடுப்போர் எல்லோரும்தான். குளத்துக்கு அக்கரையில் வேறு சமூகத்தவரின் கிராமம் இருந்தால் அவர்களின் சங்கத்தையும் சேர்த்துக் கூட்டு முன்மொழிவாகக் கொடுங்கள். இந்த மாவட்டத்தில் எல்லைத் தூண் என்பது மிக எளிதில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும் பொருள். ஒரு பக்கத்தார் மட்டும் போட்ட தூண் நெடுநாள் நிற்காது.

3. காணி யார் பொறுப்பில் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். சபை தன் பொறுப்பில் இல்லாத காணியில் உரிய சம்மதமின்றிச் செலவு செய்தால் கணக்காய்வு கேள்வி எழுப்பும். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி, முறைகேடான செலவை அதற்குப் பொறுப்பான அலுவலரிடமே அறவிட இடமிருக்கிறது. செயலாளர் தயங்குவது உங்கள் ஊரின் மேல் உள்ள வெறுப்பால் அல்ல.

பொதுக் காணி என்று நாம் ஒரே பெயரில் சொல்பவை உண்மையில் மூன்று வகை.

முதல் வகை, சபைக்கே உரியவை. மயானம், சந்தை, சிறுவர் பூங்கா, விளையாட்டிடம், உள்ளூர் வீதிகள் பெரும்பாலும் இதற்குள் வரும். சபையின் நிலையான சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். "எப்போதும் சபைதான் துப்புரவு செய்கிறது" என்பது உரித்து ஆகாது. பதிவேட்டில் இல்லாவிட்டால் அது அடுத்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் வகை, பிரதேச செயலாளரின் பொறுப்பிலுள்ள அரச காணி. மேய்ச்சல் தரை, ஒதுக்கிடம், யாருக்கும் வழங்கப்படாத நிலம் இதில் அடங்கும். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் விசாரியுங்கள். அனுமதிப் பத்திரம் யாருக்காவது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். வெறுமையாகக் கிடக்கும் நிலத்துக்குப் பழைய அனுமதிப் பத்திரம் ஒன்று இருப்பது இங்கே புதினமல்ல.

மூன்றாம் வகை, திணைக்களங்களின் காணி. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். குளம் என்றால் பாய்ச்சும் வயலின் பரப்பைப் பாருங்கள். 80 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். உங்கள் கமநல சேவை நிலையத்தில் குளத்தின் பெயர்ப் பதிவு இருக்கும். கந்தளாய் போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. கடற்கரை என்றால் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் எல்லையும் பொது நிலமும் முட்டும் இடங்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. தம்பலகாமக் குடா, கொட்டியாரக் குடா ஓரங்களில் கண்டல் காடு நிற்கும் இடமென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் சேர்த்து விசாரியுங்கள். சரணாலயம், தேசிய பூங்கா எல்லைக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். தொல்லியல் திணைக்களம் எல்லைக்கல் போட்ட இடத்தில் அவர்களின் அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. வேலி போடும் குழியும் குழிதான்.

விசாரிக்கும் ஒழுங்கு: முதலில் கிராம உத்தியோகத்தர், பிறகு பிரதேச செயலகக் காணிக் கிளை, பிறகு நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம், கடைசியாகத் திணைக்களம். நேரே திணைக்களத்துக்குப் போனால் "எந்தத் துண்டு, எந்த வரைபடம்" என்று கேட்பார்கள். பதில் இல்லாமல் திரும்பி வர நேரும். வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும் கையில் கிடைத்த பிறகு எந்தக் கந்தோரிலும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

4. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்

காணி சபையுடையது அல்ல என்று தெரிந்தால் சபைக்குப் போக முன் உரிய கந்தோரின் எழுத்துச் சம்மதம் தேவை. காணியைச் சபைக்கு மாற்றித் தரும்படி கேட்காதீர்கள். உரித்து மாற்றம் ஆண்டுக் கணக்கில் இழுக்கும், பெரும்பாலும் தேவையும் இல்லை. "இந்தக் காணியில் எல்லைத் தூண் நடவும் மரம் நட்டுப் பராமரிக்கவும் பிரதேச சபை செலவு செய்வதற்கு ஆட்சேபணை இல்லை" என்ற ஒரு வசனக் கடிதம் போதும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: துண்டு இலக்கம், செய்யப்போகும் வேலைகளின் பெயர், எவ்வளவு காலத்துக்கு. "பாதுகாப்பு வேலைகள்" என்று பொதுவாக எழுதி வாங்கிவிட்டுப் பிறகு கம்பி வேலி போடப் போனால் அது சம்மதத்துக்குள் வராது என்று நிறுத்துவார்கள்.

பல திணைக்களங்கள் சம்பந்தப்பட்ட காணியென்றால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விடயத்தை எடுக்கச் சொல்லி முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். எல்லாத் திணைக்களத்தாரும் ஒரே மேசையில் இருப்பது அங்கேதான். கூட்ட அறிக்கையில் பதிவானால் அதன் பிரதியை இணைக்கலாம். தனித்தனிக் கடிதத்துக்கு அது மாற்றல்ல என்றாலும் கடிதம் வரும் வேகம் கூடும்.

காணிக்குள் யாராவது ஏற்கெனவே அடைத்துப் பிடித்திருந்தால் அதை நீங்கள் கையிலெடுக்க வேண்டாம். வெளியேற்றும் அறிவித்தல் கொடுப்பதும், 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் போவதும் அதிகாரம் பெற்ற அலுவலரின் வேலை. பிணக்கு உள்ள பகுதியை வரைபடத்தில் தனியாகக் காட்டி, முதற்கட்ட வேலையிலிருந்து விலக்கி எழுதுங்கள். 50 மீற்றர் பிணக்குக்காக 550 மீற்றர் காத்திருக்கத் தேவையில்லை.

5. எல்லையை நடந்து குறியுங்கள்

குளம் நிறைந்து வான் (மேலதிகத் தண்ணீர் வழியும் இடம்) பாயும் நாட்களில் தண்ணீர் நிற்கும் விளிம்பில் முளைக்கட்டை அடித்துவிடுங்கள். நிரம்பிய மட்டம் எது என்ற வாக்குவாதத்தை ஓகஸ்டில் வற்றிய குளத்தில் நின்று தீர்க்க முடியாது. ஒவ்வொரு கட்டையையும் கைபேசியில் ஆள்கூறு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மாரி முடிவதற்குள் மாடு பாதிக் கட்டைகளைச் சாய்த்துவிடும்.

பிறகு மே, ஜூனில் கிராம உத்தியோகத்தர், கமநல சேவை நிலைய உத்தியோகத்தர், பக்கத்துக் காணிக்காரர் எல்லோரையும் அழைத்து ஒரே நாளில் எல்லை நெடுக நடந்து பாருங்கள். நடந்த முடிவை ஒரு தாளில் எழுதி அங்கேயே கையொப்பம் வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் பிறகு வைக்கிறேன் என்பவர் பிறகு வைப்பதில்லை.

கைபேசிக் குறிப்பு நில அளவை ஆகாது. வழக்குக்கு வரக்கூடிய இடங்களில் நில அளவையாளர் தேவை, அதற்கான செலவையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

6. வேலையைப் பிரித்து அளவு போடுங்கள்

சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாம் ரீ.ஓ. என்று சொல்பவர், தயாரிக்கும் மதிப்பீடுதான் செல்லும். உங்கள் கணக்கு அவருக்கு உதவிதான். ஆனாலும் அளவு போட்டுக்கொண்டு போனால் அவர் ஒரே வருகையில் முடித்துவிடுவார். போகாவிட்டால் அவருடைய வரிசையில் உங்கள் வேலை வீதி மதிப்பீடுகளுக்குப் பின்னால் நிற்கும். விலையை நீங்கள் போட வேண்டாம், அது அங்கீகரிக்கப்பட்ட விலை அட்டவணையிலிருந்து வரும். அளவை மட்டும் சரியாகக் கொடுங்கள்.

எங்கள் 600 மீற்றர் அலைகரைக்கு:

எல்லைத் தூண். 20 மீற்றருக்கு ஒன்று என்றால் 31, எல்லை திரும்பும் ஐந்து இடங்களுக்கு மேலதிகமாக 5, மொத்தம் 36. தூண் 100 மி.மீ. சதுரம், நீளம் 1.8 மீற்றர், உள்ளே நான்கு 6 மி.மீ. கம்பி. 0.6 மீற்றர் மண்ணுக்குள், 1.2 மீற்றர் வெளியே. குழி 300 மி.மீ. சதுரம். தூணின் இடத்தைக் கழித்தால் ஒரு குழிக்கு 0.048 கன மீற்றர் கொங்கிரீற்று, 36 குழிக்கு ஏறத்தாழ 1.75 கன மீற்றர். 1:3:6 கலவைக்கு 50 கிலோ சீமெந்து 8 பை போதும். ஆழத்தைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். அலைகரை மண் மாரியில் இளகும், மாடு உரசும், 0.6 மீற்றருக்குக் குறைந்த தூண் முதல் மழையிலேயே சாயும்.

கம்பி வேலி. முழு நீளத்துக்கும் நான்கு வரி முட்கம்பி என்று கேட்பதுதான் வழக்கம். கணக்கைப் பாருங்கள்: 3 மீற்றருக்கு ஒரு தூண் வீதம் 201 தூண், 2,400 மீற்றர் கம்பி, விரயத்துக்குப் பத்து வீதம் சேர்த்தால் 2,640 மீற்றர். செலவு பல மடங்கு. பயனோ குறைவு. கோடையில் மாடு குளத்துப் புல்லுக்கும் தண்ணீருக்கும் வந்தே ஆக வேண்டும், வழி அடைத்தால் கம்பியை வெட்டுவார்கள். மொறவெவ, கோமரங்கடவல, சேருவில, கந்தளாய்ப் பக்கங்களில் யானை வழியில் போட்ட முட்கம்பி ஒரு பருவம் தாங்காது. எங்கள் அபிப்பிராயம்: எல்லைத் தூணும் உயிர்வேலியும் போதும், கம்பி வாகனம் இறங்கும் இடங்களுக்கு மட்டும். மாடு இறங்கும் இடங்களில் 6 மீற்றர் அகல இடைவெளி விட்டு வரைபடத்தில் காட்டுங்கள். உயிர்வேலிக்குக் கிளுவை, கிளிசரியா, பூவரசு கதியால் (வெட்டி நடும் தடி) ஊரிலேயே எடுக்கலாம்.

மரம். நிரம்பிய மட்டத்துக்கு மேலே, எல்லைத் தூணுக்கு உட்புறமாக இரண்டு வரிசை, 5 மீற்றர் இடைவெளி என்றால் 242 கன்று. வாடியதற்கு மாற்ற ஏறத்தாழ 50 சேர்த்து 290. தண்ணீர்ப் பக்க வரிசைக்கு மருது, புங்கு, நாவல். மேற்பக்க வரிசைக்கு இலுப்பை, வேம்பு. எல்லையோடு ஒட்டிப் பனங்கொட்டை. பனம்பழம் விழும் ஓகஸ்ட், செப்ரெம்பரில் கொட்டை சேர்த்து மழைக்கு முன் நேரே புதைத்துவிடலாம், நாற்றுமேடையே தேவையில்லை. கன்றுகளை ஏப்ரலுக்கு முன் நாற்றுமேடையில் சொல்லி வையுங்கள். ஒக்ரோபரில் கேட்டால் கைநீளக் கன்றுதான் கிடைக்கும், அதைப் புல்லே மூடிவிடும்.

குளக்கட்டில் மரம் நடவே கூடாது. ஆர்வக்கோளாறில் அதிகம் நடக்கும் பிழை இது. வேர் கட்டுக்குள் போய், மரம் பட்ட பிறகு அந்த வேர்வழியே தண்ணீர் கசிந்து கட்டு அரிக்கும். கட்டில் புல் மட்டும்தான். துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), வான் இரண்டின் பக்கத்திலும் மரம் வேண்டாம்.

தண்ணீர். ஒரு கன்றுக்கு 10 லீற்றர், கிழமைக்கு இரண்டு தடவை. 242 கன்றுக்குக் கிழமைக்கு 4,840 லீற்றர், அதாவது 5,000 லீற்றர் பவுசர் ஒரு நடை. பெப்ரவரி நடுப்பகுதி தொடக்கம் செப்ரெம்பர் முடியும்வரை 32 நடை. இது இரண்டாம் ஆண்டுச் செலவு என்பதை மறக்க வேண்டாம்.

அறிவித்தல் பலகை. மூன்று போதும், தமிழிலும் சிங்களத்திலும். காணிக்குரிய திணைக்களத்தின் பெயர் முதலில், சபையின் பெயர் அடுத்து. சங்கத்தின் பெயர் கடைசியில் சிறிதாக இருக்கட்டும். உறுப்பினரின் பெயரோ படமோ வேண்டாம், அடுத்த தேர்தலோடு பலகையையும் கழற்றுவார்கள்.

7. எந்தப் பணத்தைக் கேட்கிறீர்கள் என்று தெரிந்து கேளுங்கள்

சபைக்குச் சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவற்றால் சொந்த வருமானம் வருகிறது. கிராமப்புறச் சபைகளில் இது சிறியது, நகரத்தையும் கடற்கரை ஹோட்டல்களையும் வைத்திருக்கும் சபைகளில் கூடுதல். மாகாண சபை வழியாக வரும் அபிவிருத்தி நன்கொடையும் பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் வேறு. அவை பிரதேச செயலகம் அல்லது மாகாணத் திணைக்களம் வழியாக வரும், நிபந்தனைகளும் வேறு.

சபையின் வரவு செலவுத்திட்டத்தில் மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்று இரண்டு பக்கம் உண்டு. தூண், பலகை, நில அளவை, கன்று எல்லாம் மூலதனம். தண்ணீர், புல் வெட்டுதல், காவல் எல்லாம் மீண்டெழும் செலவு. இரண்டையும் ஒரே தொகையாக எழுதிக் கேட்டால் மூலதனத்தில் மட்டும் போடுவார்கள், தண்ணீருக்கு ஒரு சதமும் வராது. தனித்தனி வரியாக எழுதுங்கள்.

பணமாகக் கேட்காமல் பொருளாகவும் வேலையாகவும் கேட்கக்கூடியவற்றைப் பிரியுங்கள். சபையிடம் பவுசர், உழவு இயந்திரம், சில இடங்களில் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) இருக்கிறது. 32 நடை பவுசரைச் சபையின் சொந்த வாகன அட்டவணையில் சேர்ப்பது, அதே தண்ணீருக்குப் பணம் ஒதுக்குவதை விட இலகு. ஊரின் பங்கையும் எழுதுங்கள்: குழி தோண்டும் சிரமதானம், கதியால், பனங்கொட்டை. பங்கு சொல்லும் ஊருக்குச் சபையில் ஆதரவு எளிதில் கிடைக்கும். ஆனால் செய்ய முடியாததை எழுதாதீர்கள், அளவீட்டு நாளில் அது வெளிப்படும்.

8. முன்மொழிவை எழுதுங்கள்

நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பந்தியிலேயே காணியின் பெயர், துண்டு இலக்கம், பொறுப்புடைய கந்தோர், கேட்கும் வேலை, எந்த இரண்டு ஆண்டு என்பன வந்துவிட வேண்டும்.

நோக்கத்தைச் சபையின் அதிகாரத்தோடு பொருத்தி எழுதுங்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்குக் கொடுக்கும் பொறுப்பு, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள், மக்களின் வசதியும் நலனும். "இயற்கையைக் காப்போம்" என்று தொடங்கும் கடிதத்தை வாசிக்கும் எழுதுவினைஞர், இது வேறு திணைக்களத்தின் விடயம் என்று மேலே குறிப்பு எழுதிவிடுவார். "அலைகரையில் குப்பை கொட்டுவதால் கிணறுகள் பாதிக்கப்படுகின்றன, அலைகரையோரப் பொதுப் பாதை அரிக்கப்படுகிறது" என்று எழுதினால் அது சபையின் விடயம். இரண்டும் உண்மையாக இருந்தால் இரண்டாவதை முதலில் எழுதுங்கள்.

இணைப்புகள் இந்த ஒழுங்கில்: ஊர்க்கூட்டத் தீர்மானம், வரைபடம், சம்மதக் கடிதம், எல்லை நடந்த குறிப்பு, அளவுப் பட்டியல், பராமரிப்பு அட்டவணை, ஆறு படம். கையெழுத்துப் பட்டியல் கடைசியில், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அலுவல்கள் சிங்களத்தில் நடக்கும் சபையென்றால் சிங்களப் பிரதியையும் இணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புக்காகக் கோவை காத்துக் கிடக்கும் மாதம் மிச்சமாகும்.

9. சபைக்குள் கொண்டுபோகும் ஒழுங்கு

கடிதத்தைச் செயலாளருக்கு முகவரியிட்டு, தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி கொடுங்கள். புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். தவிசாளரின் கையில் கொடுத்த கடிதம் அவருடைய காரிலேயே தங்கிவிடலாம். செயலாளருக்கு வந்தது தபால் பதிவேட்டில் ஏறும். பதிவு இலக்கத்தைக் கேட்டு உங்கள் பிரதியில் எழுதி வாங்குங்கள். மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு முகவரியிட்டு முதல்வருக்குப் பிரதி.

பிறகு ரீ.ஓ. களத்துக்கு வரும் நாளை உறுதிப்படுத்துங்கள். அன்று வரைபடமும் முளைக்கட்டையும் தெரிய வேண்டும், பற்றை வெட்டி வையுங்கள்.

சபைக்கு நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்று நிலையியற் குழுக்கள் உண்டு. உங்கள் விடயம் சுற்றாடல் குழுவுக்கு முதலில் போய், அதன் சிபாரிசோடு நிதிக் குழுவுக்குப் போக வேண்டும். நிதிக் குழுவுக்கு நேரே போனால் "சுற்றாடல் குழு பார்த்ததா" என்று திருப்பி அனுப்பி ஒரு மாதம் போகும்.

உங்கள் வட்டார உறுப்பினர் ஆளும் பக்கமோ எதிர்ப்பக்கமோ, அவரையே பிரேரிக்கச் சொல்லுங்கள். வேறு கட்சி உறுப்பினர் ஒருவர் ஆமோதிக்க ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஒரே கட்சியின் வேலையாகத் தெரிந்த திட்டம் ஆட்சி மாறும்போது நின்றுபோகும்.

வரவு செலவுத்திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் போய், உங்கள் வேலை எந்தத் தலைப்பின் கீழ், எவ்வளவு என்று பாருங்கள். "சுற்றாடல் வேலைகள்" என்ற பொதுத் தலைப்புக்குள் கரைந்திருந்தால் அது உங்களுக்கான பணமல்ல, முதலில் வருபவருக்கான பணம். காணியின் பெயரோடு தனி வரி கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

10. பணம் ஒதுக்கிய பிறகு

சிறு வேலைகளைப் பதிவுள்ள சங்கத்திடமே ஒப்பந்தமாகக் கொடுக்க நடைமுறை உண்டு. எடுக்க முன் ஒன்றை யோசியுங்கள்: பணம் பெரும்பாலும் வேலை அளவெடுத்த பிறகே வரும். தூணுக்கும் சீமெந்துக்கும் முதல் போடச் சங்கத்திடம் பணம் இல்லையென்றால், பொருளைச் சபை வாங்கித் தரட்டும், கூலி வேலையை மட்டும் நீங்கள் எடுங்கள்.

மூடப்படும் வேலையை மூட முன் அளவெடுக்க வேண்டும். கொங்கிரீற்று போட முன் குழிகளின் ஆழத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ரீ.ஓ.வைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தூண் நட்ட பிறகு ஆழம் யாருக்கும் தெரியாது, சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது. பற்றுச்சீட்டுகள் எல்லாம் சங்கத்தின் பெயரில், திகதியோடு இருக்கட்டும்.

வேலை ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை ஊருக்கு நல்லது என்று சேர்த்துச் செய்யாதீர்கள். அதற்குப் பணமும் வராது, மற்ற வேலையின் கொடுப்பனவும் தாமதமாகும்.

ஒதுக்கீடு டிசெம்பர் 31 உடன் முடியும், தானாக அடுத்த ஆண்டுக்கு வராது. தூண் வேலையை ஓகஸ்டுக்குள் முடித்து, ஒக்ரோபர் மழையில் நட்டு, நவம்பரில் இறுதிக் கோரிக்கையைக் கொடுத்துவிடுங்கள். டிசெம்பர் கடைசிக் கிழமையில் எந்தக் கணக்குப் பிரிவிலும் இடமிருக்காது.

11. இரண்டாம் ஆண்டு

பெப்ரவரியில் கன்றுகளை எண்ணி, பட்டதையும் நிற்பதையும் எழுதி, படத்தோடு சபைக்குக் கொடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காமலே கொடுங்கள். பவுசர் அட்டவணையில் உங்கள் பெயர் நிற்பதற்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.

பவுசர் வரும் நாளில் குழாய் பிடிக்க இரண்டு பேர் ஊரிலிருந்து நிற்க வேண்டும். ஆளில்லாமல் திரும்பிய சாரதி அடுத்த கிழமை வரமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வைக்கோல் அல்லது பனையோலை பரப்புங்கள், கச்சானில் தண்ணீர் அரை நாளில் ஆவியாகிவிடும். காய்ந்த ஓலை தீப்பற்றும் என்பதால் ஓகஸ்டில் எல்லையோரம் 2 மீற்றர் அகலத்துக்குப் புல் செதுக்கித் தீத்தடை போடுங்கள். ஒக்ரோபரில் மிச்சம் வைத்த கன்றுகளை இடைவெளிகளில் நடுங்கள்.

12. பதில் வராமல் இழுபட்டால்

ஒரு மாதம் கழித்துப் பதிவு இலக்கத்தைச் சொல்லி நினைவூட்டல் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலரிடம் மூன்று கேள்வி: கோவை எந்த நிலையில், குழு என்ன சிபாரிசு செய்தது, எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது கோவையில் இருக்கும் தகவலை, விளக்கத்தை அல்ல.

சபையின் பதில் திருப்தியில்லையென்றால் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு எழுதலாம். தகவல் கோரிக்கையில் கிடைத்த பதிலின் பிரதியை அந்தக் கடிதத்தோடு இணையுங்கள்.

அந்த ஆண்டு வரவு செலவுத்திட்டத்தில் தப்பிவிட்டால், ஆண்டு நடுவில் குறைநிரப்பு மதிப்பீடு (மேலதிக ஒதுக்கீடு) வருகிறதா என்று செயலாளரிடம் கேட்டு வையுங்கள். அதிலும் இல்லையென்றால் அதே கோவையை, புதிய திகதியுள்ள சம்மதக் கடிதத்தோடு அடுத்த ஓகஸ்டில் கொடுங்கள். சம்மதக் கடிதம் ஓராண்டு பழையதானால் திணைக்களத்தில் அலுவலர் மாறியிருப்பார், புதுப்பிக்க ஏப்ரலிலேயே போய்விடுங்கள்.